புயற்காலக் கணக்கும் மின்கட்டணக் கணக்கும்

கூட்டுறவுச் சங்கங்களின் இருப்பை எண்ணிச் சரிபார்ப்பது நமது தொழில். நூற்கட்டுகள் எத்தனை, உர மூட்டைகள் எத்தனை, ஏட்டில் கண்ட தொகைக்கும் கிடங்கில் உள்ள தொகைக்கும் வேற்றுமை உண்டா என்று பார்ப்பதும், குறைவு கண்டால் காரியதரிசியிடம் விளக்கம் கேட்பதும் அன்றாட அலுவல்கள். இவ்வாறு பிறர் இருப்பையே எண்ணித் திரிந்த நாம், நம் சொந்த இல்லத்தின் இருப்பை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அவ்வுண்மை 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவில்தான் நமக்குத் தெரிய வந்தது.

அன்று சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அண்மையில் கரையேறிய இரவு. கரையேறிய பின்னும் அது விரைந்து அகலவில்லை. பல மணி நேரம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று பொழிந்தது. மறுநாட் காலை வரையுள்ள 24 மணி நேரத்தில் நகரில் பெய்த மழை 46 சென்டிமீட்டருக்கும் அதிகம். ஆண்டு முழுவதற்குமான சராசரி மழையே சுமார் 130 சென்டிமீட்டர்தான் என்பதை நினைத்தால், ஓராண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் கொட்டியது எனலாம். கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. இராணுவத்தினர் வந்து மக்களை மீட்க வேண்டியதாயிற்று.

நம் இல்லத்தில் மின்சாரம் மாலை ஆறு மணியளவில் நின்றது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நாம் கவலையற்று இருந்தோம். கதவு, சன்னல் யாவற்றையும் அடைத்திருந்தமையால் புழுக்கம். ஆகவே மூன்று மின்விசிறிகளும் சுழன்றன. இரண்டு குழல் விளக்குகள் எரிந்தன. புயல் எங்கே வருகிறது என்று அறியும் ஆவலில் தொலைக்காட்சியும் ஓடிற்று. ஒன்பதரை மணிக்கு எல்லாம் ஒருசேர நின்றன. புயல் அப்போது கரையையே தொடவில்லை!

அதன்பின் நேர்ந்தவற்றைச் சொல்ல நமக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. மின்பொறி விளக்கை எடுத்தால் உள்ளிருந்த பேட்டரிக் கட்டைகள் கசிந்து பச்சை பூத்திருந்தன. மெழுகுவத்தி ஒன்று அகப்பட்டது, தீப்பெட்டி அகப்படவில்லை. அடுப்பைப் பற்ற வைக்கும் இயந்திரமும் மின்சாரத்தை நம்பியது. மாடித் தொட்டியில் நீர் நிரப்ப வேண்டும் என்று நண்பகலில் நினைத்திருந்தோம், நினைத்ததோடு சரி. நம் தாயார் நீரிழிவு நோய்க்கு இன்சுலின் போட்டுக் கொள்பவர். மருந்து கெட்டுவிடுமோ என்ற அச்சத்தில் அரைமணிக்கு ஒருமுறை குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். திறந்து பார்ப்பதனாலேயே குளிர்ச்சி போகிறது என்பது அவருக்கும் தோன்றவில்லை. பட்டம் பெற்ற நமக்கும் தோன்றவில்லை.

மின்சாரம் திரும்ப வந்தபோது இரண்டாம் நாள் மாலை ஆகிவிட்டது. நமக்கு உயிர்ச்சேதமோ பொருட்சேதமோ இல்லை. ஆயினும் அவ்விரவை நாம் மறப்பதற்கில்லை.

ஒரு வார காலத்திற்குப் பின், சேத விவரம் திரட்டும் பொருட்டு நகரின் வடபால் உள்ள நெசவாளர் இல்லங்கள் சிலவற்றிற்குச் சென்றோம். ஒரே தெருவில், அடுத்தடுத்த இரு வீடுகள். இரண்டிலும் குழித்தறி. இரண்டிலும் நீர் புகுந்திருந்தது. தறிக்குழி என்பது தரைமட்டத்திற்குக் கீழே உள்ளது. வீட்டிற்குள் ஒரு சாண் நீர் நுழைந்தால் குழியில் இடுப்பளவு நின்றுவிடும் என்பதை நெசவாள அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

முதல் வீட்டில் தறியில் பூட்டியிருந்த பாவு முழுவதும் சேற்று நீரில் ஊறிப்போயிற்று. சிவப்பும் மஞ்சளும் ஒன்றோடொன்று கலந்து பயனற்றுக் கிடந்தது. நூல் அவருடையதன்று, சங்கத்து நூல். அவர் பெயரில் பற்று எழுதப்பட்டிருந்தது. நெய்து கொடுத்தால் கூலி, நெய்யாவிட்டால் கடன். புயலில் போன பாவின் விலையை அங்கத்தினரிடம் வசூலிப்பதா, சங்கம் ஏற்பதா என்று நிர்வாகக் குழுவில் இரண்டு கூட்டங்கள் வாதம் நடந்தது. விதியைக் காட்டியவர்களும் இருந்தார்கள். முகத்தைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். முடிவில் பாதியைச் சங்கம் ஏற்பதென்றும், மீதியைத் தவணையாகப் பிடித்துக் கொள்வதென்றும் தீர்மானித்தனர். அக்குடும்பத்திற்கு அந்தத் தவணை ஒரு பெருஞ்சுமை என்பதை அறிந்தே நாமும் குறிப்பெழுதினோம். வேறு வழி தெரியவில்லை.

இன்வெர்ட்டர் இருந்த வீடும் அதுதான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். மகன் வெளியூரில் வேலை பார்த்து வாங்கி அனுப்பியது. அதைத் தரையில் வைத்திருந்தார்கள். நீர் புகுந்ததும் முதலில் போனது அது.

இரண்டாம் வீட்டில் சேதம் இல்லை. பாவைச் சுருட்டி உத்தரத்தில் கட்டித் தூக்கியிருந்தார்கள். நூற்கட்டுகள் மூடியிட்ட பிளாஸ்டிக் பீப்பாயினுள் இருந்தன. கிணற்றில் இராட்டினமும் கயிறும் இருந்தன. தறிக்கு மேலே ஓட்டில் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தமையால் பகலில் விளக்கே வேண்டியதில்லை. இரவுக்கு 9 வாட் விளக்கு ஒன்று. கூடத்தில் புதுவகை விசிறி ஒன்று மட்டும் இருந்தது. அவ்வீட்டு மூதாட்டியாரிடம், "அம்மா, புயலுக்கு இவ்வளவு முன்னேற்பாடு செய்திருக்கிறீர்களே, யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று வினவினோம்.

"புயலுக்குன்னு ஒண்ணும் செய்யல தம்பி" என்றார் அவர். "கரண்டுக் காசு கட்டி மாளல. மோட்டார் போட்டா காசு, கிணத்துல சேந்துனா காசு இல்ல. பீப்பாய் எலிக்குப் பயந்து வாங்குனது. விசிறி, காசு குறையும்னு மருமவன் மாத்திக் குடுத்தது. தானே புயல்ல ஒரு பாவு போச்சு. அதுலேருந்து மழைன்னா பாவைத் தூக்கிக் கட்டிடுவோம். அவ்வளவுதான்."

அந்த ஒரு விடைதான் இக்கட்டுரைக்கு வித்து. மாதச் செலவைக் குறைப்பதற்காகச் செய்த ஏற்பாடுகளே புயல் இரவில் அவ்வீட்டைக் காத்தன. நாமோ இவ்விரண்டையும் வெவ்வேறு கணக்குகளாக எண்ணியிருந்தோம். சிக்கனம் என்பது மாத முதல் வாரத்தில் பேசப்படுவது. முன்னேற்பாடு என்பது புயற்கூண்டு ஏற்றிய பின் பேசப்படுவது. உண்மையில் இரண்டும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள்.

தானே என்று அம்மூதாட்டியார் குறிப்பிட்டது 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் காலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய புயலை. மழையைவிடக் காற்றே அதில் கொடிது; மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிற்று. மின்கம்பங்கள் சாய்ந்து பல நாட்கள் மின்சாரம் இல்லை. ஆண்டு முடிவில் நமக்குப் புயல் வருவது புதிதன்று. 1761-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயர் கப்பல்களில் பல இக்கடற்கரையில் ஒரு புயலால் சிதறுண்டன என்பது வரலாறு. ஐப்பசி, கார்த்திகை கழிந்துவிட்டது, இனி அச்சமில்லை என்று மார்கழியில் ஓய்ந்திருப்போர் இதனை நினைவிற் கொள்க.

மின்சாரம் போனால் நீரும் போகும்

பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபத்தை அறியாதார் இலர். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரப்பாளையத்திலிருந்து நகரத்திற்கு நீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாக எழுந்தது அது. அந்த நாளில் நீரைக் கொண்டுவர மின்சாரம் இல்லை. நிலத்தின் சாய்வே நீரை நடத்திற்று. இன்று அவ்வாறில்லை. ஆழ்குழாயிலிருந்து மேலெழுப்ப மின்சாரம். பொதுத் தொட்டிக்கு ஏற்ற மின்சாரம். வீட்டு நிலத்தடித் தொட்டியிலிருந்து மாடிக்கு ஏற்ற மீண்டும் மின்சாரம். நாம் குடிக்கும் ஒவ்வொரு குவளை நீரிலும் சிறிது மின்கட்டணம் கலந்திருக்கிறது. ஆதலின் விளக்கணைந்த சில மணி நேரத்தில் குழாயும் வறண்டு போகிறது. தானே புயலின்போது பெரும்பாலோர் முதலில் தேடியது விளக்கையன்று, நீரையே.

எவ்வளவு நீர் வேண்டும்? குடிக்கவும் சமைக்கவும் மிகச் சிக்கனமாகப் பார்த்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர். ஐவர் உள்ள குடும்பத்திற்கு மூன்று நாட்களுக்கு 45 லிட்டர். நம் பெண்டிர் இடுப்பில் சுமக்கும் பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் கொள்ளும். எனவே மூன்று குடம். இதற்குப் பெரிய பொருட்செலவு ஒன்றும் இல்லை. புயற்செய்தி வந்தவுடன் மூன்று குடங்களைக் கழுவி நிரப்பி மூடி, பரண்மேல் அன்று, மேசைமேல் வைத்தால் போதும். குளிக்கவும் துலக்கவும் வேண்டிய நீர் வேறு. அதற்கு வீட்டில் உள்ள அண்டா, வாளி யாவும் நிறைந்திருக்கட்டும்.

நிலத்தடித் தொட்டி உள்ளோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோது அதில் நீர் இருந்தும் எடுக்கக் கயிறும் சிறு வாளியும் இன்றித் தவித்தவர்கள் பலர். ஆனால் தெருவெள்ளம் மூடியைத் தாண்டியிருந்தால் அந்நீரைத் தொடாதீர்கள். சாக்கடையும் வெள்ளமும் கலந்த பின் அது குடிநீர் அன்று. இறைத்துக் கழுவிக் குளோரின் இட்ட பிறகே பயன்படும். கிணற்று நீருக்கும் இதுவே விதி. ஐயம் இருப்பின் கொதிக்க வைப்பது ஒன்றே வழி.

மற்ற நாட்களில் இதே நீர்தான் கட்டணத்தை ஏற்றுகிறது. ஒரு குதிரைத் திறன் மோட்டார் ஏறக்குறைய முக்கால் யூனிட்டை ஒரு மணி நேரத்தில் விழுங்கும். தொட்டி நிறைந்து மாடியிலிருந்து அருவியாகக் கொட்டும் காட்சியை நம் தெருக்களில் நாள்தோறும் காண்கிறோம். அடுத்த வீட்டார் குரல் கொடுத்த பிறகே மோட்டார் நிற்கும். பணம் கொட்டினால் இப்படிப் பார்த்துக் கொண்டிருப்போமா?

விசிறியும் விளக்கும்

மின்கட்டணம் எவ்வாறு ஏறுகிறது என்பதை அறிந்தாலன்றிக் குறைக்க இயலாது. புதுச்சேரியில் வீட்டு மின்சாரத்திற்கு மாதந்தோறும் கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட்டுக்கு ஒரு விலை. 101 முதல் 200 வரை அதனினும் உயர்ந்த விலை. 201 முதல் 300 வரை மேலும் உயர்வு. 300-க்கு மேல் மிக உயர்வு. விலை விகிதங்களை ஒழுங்குமுறை ஆணையம் அவ்வப்போது மாற்றுகிறது. படிகளின் அமைப்பு இதுவே. இதிலிருந்து விளங்குவது என்ன? நாம் குறைக்கும் யூனிட், உச்சிப்படியில் உள்ள விலை மிகுந்த யூனிட். 230 யூனிட் செலவழிப்பவர் 30 யூனிட்டைக் குறைத்தால், அவருக்கு மிச்சமாவது சராசரி விலை அன்று, மூன்றாம் படியின் முழு விலை.

எதைக் குறைப்பது? பலர் விளக்கை அணைப்பதிலேயே சிக்கனம் முடிந்துவிட்டதாக எண்ணுகின்றனர். 9 வாட் விளக்கை ஒரு மணி நேரம் அணைத்து வைத்துவிட்டு, 2,000 வாட் வெந்நீர்க் கலத்தை அரைமணி நேரம் போட்டு ஒரு முழு யூனிட்டைச் செலவிடும் வீடுகளை நாம் அறிவோம். நம் ஊர் வெயிலில் முற்றத்தில் ஓர் அண்டா நீர் வைத்தால் மாலைக்குள் இளஞ்சூடு ஏறிவிடும். பாட்டிமார் அதைத்தான் செய்தார்கள். தொலைக்காட்சியோடு இணைந்த செட்டாப் பெட்டி, நாம் தொலைக்காட்சியை அணைத்த பின்னும் சுமார் 10 வாட் இழுத்துக் கொண்டே இருக்கும். மாதம் 7 யூனிட். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் ஒரு காசும் செலவின்றி அது மிச்சம்.

ஆயினும் நம் பகுதியின் பெருஞ்செலவு மின்விசிறியே. ஆண்டில் பத்து மாதம் அது ஓய்வதில்லை. பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் என்றால் 1.2 யூனிட், மாதத்திற்கு 36 யூனிட். பி.எல்.டி.சி. என்னும் புதுவகை விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தரும். மாதத்திற்கு 14½ யூனிட்டுக்குள் அடங்கும். ஒரு விசிறிக்கு 21 யூனிட்டுக்கு மேல் மிச்சம். இரண்டு விசிறிகளுக்கு 43 யூனிட். முற்சொன்ன 230 யூனிட் வீடு 187-க்கு இறங்கிவிடும். மூன்றாம் படியே அவ்வீட்டிற்கு இல்லாமற் போகும்.

இனி அதே விசிறியைப் புயல் இரவில் வைத்துப் பார்ப்போம். நம் வீட்டில் இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 1,800 வாட்-மணி. இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பு, பேட்டரியின் வயது முதலியவற்றைக் கழித்தால் கைக்கு வருவது சுமார் 1¼ யூனிட். அன்றிரவு நாம் ஓட்டிய மூன்று பழைய விசிறிகளும் குழல் விளக்குகளும் தொலைக்காட்சியும் சேர்ந்து 350 வாட்டுக்கு மேல். மூன்றரை மணி நேரத்தில் அது தீர்ந்ததில் வியப்பு இல்லை. இரண்டு புதுவகை விசிறிகள், இரண்டு 9 வாட் விளக்குகள் என்றால் 78 வாட். அதே பேட்டரி 16 மணி நேரம் தாங்கியிருக்கும். மாலை ஆறிலிருந்து மறுநாட் காலை பத்து மணி வரை! பெரிய பேட்டரி வாங்குவதற்கு ஆகும் செலவில் ஒரு பகுதியைச் சிறிய விசிறிக்குச் செலவிடுவதே அறிவுடைமை. இக்கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த நாள், நாம் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

இன்வெர்ட்டரைத் தரையில் வைக்கக் கூடாது. இரண்டடி மேடையோ, சுவர்த் தட்டோ வேண்டும். வீட்டிற்குள் நீர் நுழையும் அறிகுறி கண்டால் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

கூரைமேல் சூரிய மின்தகடு வைத்தோரும் வைக்க எண்ணுவோரும் ஓர் உண்மையை அறிந்திருத்தல் நலம். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். கட்டணம் குறையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பேட்டரியின்றி மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைத்த தகடு, தெரு மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியைப் பழுது பார்க்கும் ஊழியர் உயிருக்கு ஊறு நேராதிருக்கவே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். "கூரையில் பகலவன் காய்கிறான், வீட்டில் விசிறி சுற்றவில்லையே" என்று நம்மிடம் முறையிட்ட அங்கத்தினர் ஒருவர் உண்டு. அவரை ஏமாற்றியவர் எவரும் இல்லை. கேட்காமல் வாங்கினார், சொல்லாமல் விற்றார்கள்.

சில்லறைச் செய்திகள்

குளிர்பதனப் பெட்டியைத் திறவாமல் வைத்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின், 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் பொதுவாக நான்கு வாரம் கெடாது என்று பின்னர் மருத்துவர் சொன்னார். ஈரத் துணி சுற்றிய மண்பானை போதும். இது முன்பே தெரிந்திருந்தால் நம் தாயார் அன்றிரவு சற்றே உறங்கியிருப்பார். மருந்துச் சீட்டில் கண்ட வகைக்கேற்ப நாள் வேறுபடுமாதலால் அவரவர் மருத்துவரைக் கேட்டு எழுதி வைத்துக் கொள்க.

சமையல் வாயுவுக்குப் பருப்பை ஊறவைத்து, மூடியிட்டு வேகவைப்பதே சிக்கனம். மழைக்காலத் தொடக்கத்தில் மாற்று உருளை நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பதே முன்னேற்பாடு. தீப்பெட்டி இரண்டு, இறுக மூடும் டப்பாவில். அவல், பொரிகடலை, வெல்லம் ஆகியவை அடுப்பின்றியும் பசியாற்றும்.

குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பட்டா, சங்கத்தின் பங்குப் பத்திரம், கடன் செலுத்திய ரசீதுகள் ஆகியவற்றைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் இட்டுப் பரண்மேல் வைப்பதோடு, கைபேசியில் படம் எடுத்தும் வையுங்கள். ஃபெஞ்சலுக்குப் பின் நம் அலுவலகத்திற்கு வந்தவர்களில் பலர் ஈரத்தில் ஒட்டிக்கொண்ட புத்தகத்தைப் பிரிக்க முடியாமல் கையில் ஏந்தி நின்றார்கள்.

உழவர்களுக்கு ஒரு சொல். புயல் கடந்த மறுநாள் வானம் வெளுத்தவுடன் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ண வேண்டா. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறந்துவிடப்பட்டபோது, தென்பெண்ணைக் கரையை அடுத்த பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களில் வெள்ளம் புகுந்தது புயலுக்குப் பின்னர்தான். மோட்டார் ஸ்டார்ட்டரை உயர்த்திக் கட்டுவதும், விதைநெல்லைத் தரையினின்று உயர்த்தி வைப்பதும் நெடுநாள் வழக்கம். பயிர்க் காப்பீடு செய்தோர் இழப்பை 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்னும் விதி மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. வயலில் நீர் வடியட்டும், பிறகு சொல்லிக் கொள்ளலாம் என்றிருந்து உரிமையை இழந்தவர்களை நாம் அறிவோம்.

தனியாக வாங்குவதும் கூடி வாங்குவதும்

இவ்வளவும் படித்த அங்கத்தினர் ஒருவர், "விசிறி ஒன்று 3,000 ரூபாய் விலை, நெசவுக் கூலியில் எங்கிருந்து வாங்குவது?" என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். இங்கேதான் சங்கம் வருகிறது.

எல்.இ.டி. விளக்குகளை வீடுகளுக்குப் பெருமளவில் வழங்கும் முறை இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கியது நம் புதுச்சேரியில்தான் என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். ஆண்டு 2014. பழைய 60 வாட் குண்டு விளக்கைக் கொடுத்துவிட்டு 7 வாட் விளக்கை 10 ரூபாய்க்குப் பெற்றுக் கொண்டோம். மீதி விலை மின்சார மிச்சத்திலிருந்து ஈடு செய்யப்பட்டது. மறு ஆண்டு சனவரியில் அது நாடு தழுவிய திட்டமாயிற்று. அரசு நிறுவனமாகிய இ.இ.எஸ்.எல். மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது 2014-இல் ஒரு விளக்கின் விலை 310 ரூபாய். 2016-க்குள் அது 38 ரூபாய்க்கு இறங்கிற்று. உற்பத்தி முறையின் முன்னேற்றமும் ஒரு காரணமே. ஆயினும் கோடிக்கணக்கானோரின் தேவையை ஒன்று திரட்டி ஒரே குரலில் விலை கேட்டதே முதற்காரணம் என்பது நம் கருத்து.

கூட்டுறவுக்கு இது புதுப்பாடம் அன்று. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் பலர் உள்ளிட்ட 28 பேர் தொடங்கிய கடையில் விற்பனைக்கு வைத்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவத்திகள். அந்தக் கூட்டுறவுக் கடையிலேயே வீட்டு விளக்குக்கு இடம் இருந்தது! நம் பண்டகசாலைகளிலோ புயலுக்கு முதல்நாள் மாலையில் மெழுகுவத்தி தீர்ந்துவிடுகிறது. வெளிக்கடையில் கேட்ட விலை கொடுத்து வாங்குகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவில், பெயர் வேண்டா, நாம் இதனை எடுத்துரைத்தோம். அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு விசிறி, ஒரு மூடிய பீப்பாய். சங்கம் மொத்தமாக வாங்கி, சிக்கன நிதியை ஈடாகக் கொண்டு, பன்னிரண்டு மாதத் தவணையில் பிடித்துக் கொள்ளலாம் என்றோம். 3,000 ரூபாய் என்றாலும் மாதம் 250. கூடி வாங்கினால் இன்னும் குறையும். மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகை தவணையில் ஒரு பங்கைத் தானே செலுத்திவிடும். ஒரு மூத்த இயக்குநர், "நெசவாளர் சங்கம் விசிறி வியாபாரம் செய்யலாமா, இன்ஸ்பெக்டர் ஐயா? தணிக்கையில் நீங்களே ஆட்சேபம் எழுத மாட்டீர்களா?" என்று கேட்டார். அவையில் சிரிப்பு எழுந்தது. அவர் கேட்டதில் நியாயம் உண்டு. துணைவிதிகளில் அங்கத்தினரின் வீட்டுத் தேவைப் பொருள்களை வாங்கி வழங்க இடம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையேல் பொதுப்பேரவையில் திருத்தம் கொண்டுவர வேண்டும். பீப்பாயைப் பற்றி எவரும் மறுத்துரைக்கவில்லை. நூல் சங்கத்துடையது, அதைக் காக்கும் பீப்பாய்க்குச் சங்கம் பொறுப்பேற்பது இயல்பே என்று ஏற்றுக் கொண்டார்கள். நாற்பது பீப்பாய்கள் மழைக்கு முன்பே வந்து சேர்ந்தன. விசிறி இன்னும் நிகழ்ச்சி நிரலில் நிற்கிறது.

முற்சொன்ன முதல் வீட்டாரும் ஒரு பீப்பாய் பெற்றுக் கொண்டனர். போன பாவின் தவணை அப்போது இன்னும் மூன்று மாதம் பாக்கி இருந்தது.

நம் வீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஃபெஞ்சலுக்குப் பின், சங்கக் கிடங்கில் வைப்பது போன்ற இருப்பு அட்டை ஒன்றை எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினோம். தீப்பெட்டி 2, மெழுகுவத்திக் கட்டு 2, மின்பொறி விளக்கு 1, கயிறு கட்டிய வாளி 1, உறையிட்ட பத்திரங்கள் என்று வரிசையாக. மாதம் ஒருமுறை எண்ணிக் கையொப்பம் இடுவது நம் பொறுப்பு. விசிறிகள் இரண்டை மாற்றினோம். மூன்றாவது அடுத்த ஆண்டு. சென்ற கார்த்திகையில் எண்ணியபோது மெழுகுவத்திக் கட்டு ஒன்று குறைவாக இருந்தது. முறைப்படி விளக்கம் கேட்டோம். "தீபத்தன்று காற்றில் அகல் நிற்கவில்லை; மாடிச் சுவரில் மெழுகுவத்தி வைத்தேன். எழுதிக் கொள்ளுங்கள்" என்று சமையலறையிலிருந்து விடை வந்தது. எழுதிக் கொண்டோம்.